கடைசி வண்டிக்கு எத்தனை மணிக்குச் சோறு?

கண்ணு, நீ செல்போன்ல அனுப்பிச்ச திட்டத்தை உன்ற அம்மாயி கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சேன். நெம்ப அருமை. 12 வண்டி, 36 பேர், 4 நாள். கோயமுத்தூர்ல புறப்பட்டு வால்பாறை, மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி, மூணாறு, போடிமெட்டு, கொடைக்கானல், பழனி, திம்பம், ஊட்டி, கல்லட்டின்னு ஒரு ஊரை விடல. ஊருக்கு ஒரு கலரும் அடிச்சிருக்கிற. 6:00 புறப்பாடு, 7:10 டீ, 7:20 புறப்பாடுன்னு நிமிசக் கணக்கு வேற. முகூர்த்தத்துக்கு நேரம் குறிக்கிற சோசியர்கூட ஒண்ணரை மணி நேரம் விட்டுத்தான் குறிப்பாரு. நீ பத்து நிமிசத்துல முடிச்சுட்ட.

எனக்கு ஒரே ஒரு சந்தேகந்தான் சாமி. இது எந்த வண்டிக்குப் போட்ட திட்டம்?

முன்னால போற வண்டிக்குன்னா சரியாத்தான் இருக்குது. அவன் 7:10க்கு டீக்கடையில நிப்பான், 7:20க்குக் கெளம்புவான். பன்னெண்டாவது வண்டிக்காரன் அந்தக் கடைக்கு வந்து சேரும்போதே மணி 7:20. அவன் கதவைத் தொறக்கறப்ப நீங்க கதவைச் சாத்துவீங்க. அவன் டீ குடிக்கிறதா, டம்ளரைப் பார்த்துட்டே போறதா? இன்னொண்ணும் யோசி. அந்தக் கடையில கக்கூஸ் ஒண்ணு. ஆளுக்கு 2 நிமிசம்னு வெச்சாலும் 36 பேருக்கு 72 நிமிசம். உன்ற சீட்டுல 10 நிமிசந்தான் இருக்குது. இஞ்சினுக்கு எத்தனை குதிரைச் சக்தின்னு வண்டி வாரியா எழுதி வெச்சிருக்கிறயே, யாரு வயிறு எத்தனை மணி நேரம் தாங்கும்னு ஒரு கட்டம் போட்டிருக்கலாமில்ல? ஊர்கோலத்தை நிறுத்தறது குதிரை அல்ல கண்ணு, வயிறு.

என்ற அய்யன் காலத்துல பொள்ளாச்சிச் சந்தைக்குப் பத்துப் பதினஞ்சு மாட்டுவண்டி ஒட்டுக்காப் போகும். எல்லாத்துக்கும் முன்னால எந்த வண்டியை விடுவாங்க தெரியுமா? கெழட்டு மாடு பூட்டின வண்டியை. வாட்டமான காங்கயம் காளையெல்லாம் பின்னால மூச்சு விட்டுட்டு வரும். அய்யன்கிட்டக் கேட்டா, 'ஓடறது எப்படியும் வந்து சேரும், நடக்கறதுதான் காணாமப் போகும்'னு சொல்லுவாரு. உன்ற சீட்டுல என்னடான்னா மொதல்ல உன்ற வண்டி, ரெண்டாவது அந்தச் செகப்பு வண்டிக்காரன், மூணாவது ரெண்டு லட்சம் செலவு பண்ணிச் சைலென்சர் மாத்தினவன். லைசென்சு வாங்கி ஆறே மாசம் ஆன புள்ள, கைக்கொழந்தையோட வர்ற குடும்பம், பழைய வண்டிக்காரர் எல்லாம் வாலுக்கு. வழிகாட்டின்னு உன்ற பேரைப் பெருசாப் போட்டிருக்கிற, சந்தோசம். கடைசி வண்டிக்குப் பொறுப்பு யாருன்னு பார்த்தா அந்தக் கட்டம் வெறுமையாக் கெடக்குது.

அந்தக் கட்டத்துலதான் கண்ணு உங்க கூட்டத்துலயே கெட்டிக்காரன் பேரு வரோணும். பஞ்சர் போடத் தெரிஞ்சவன், கயிறு வெச்சிருக்கிறவன், மருந்துப்பெட்டி வெச்சிருக்கிறவன், எல்லாத்துக்கும் மேல கோவம் வராதவன். முன்னால போறவனுக்கு வழி தெரிஞ்சாப் போதும். கடைசியில வர்றவனுக்கு மனுசனைத் தெரியோணும். புதுசா ஓட்டற புள்ளையை உனக்கு நேர் பின்னால விடு. அது போற வேகந்தான் ஊர்வலத்தோட வேகம். செகப்பு வண்டிக்காரனைப் பத்தாவதுல போடு. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவான். பரவால்ல, பின்னால வர்றவங்களுக்கு அது தெரியாது.

வழி ரெண்டாப் பிரியற ஒவ்வொரு எடத்துலயும், பின்னால வர்ற வண்டி கண்ணுல படற வரைக்கும் ஒவ்வொருத்தனும் நின்னு திரும்போணும். இவ்வளவுதான் விதி. இதுக்கு ஆப்பு வேண்டாம், காதுல மாட்டற மிசினு வேண்டாம். மலையில பாதி எடத்துல சிக்னல் கெடைக்காது. 'லொக்கேசன் போடு'ன்னு கத்திட்டு இருக்கோணும். எங்கெங்க நிக்கறோம், ராத்திரி எங்க தங்கறோம்னு ஒரு காயிதத்துல எழுதி வண்டிக்கு ஒண்ணு குடு. காயிதத்துக்குச் சார்ஜு தீராது.

இனி மலைக்கு வருவோம். பொள்ளாச்சியில இருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். மேப்புல நிமிசம் போட்டுக் காட்டுதுன்னு சொல்ற. ஆழியாறு தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு. மேப்புக்காரனுக்கு வளைவு தெரியும், வளைவுல நிக்கிற வரையாடு தெரியாது. ஒம்பதாவது வளைவுல, லோம்ஸ் வியூன்னு சொல்ற எடத்துல, கீழே ஆழியாறு அணை தெரியும். அங்கதான் வரையாடு பாறையில இருந்து எறங்கி ரோட்டுல நிக்கும். தமிழ்நாட்டோட மாநில விலங்கு அது. அதுக்கு நீங்க பிஸ்கட்டு நீட்டப் போறீங்க, வனத்துறைக்காரர் உங்ககிட்ட ரசீது நீட்டப் போறாரு. 12 வண்டி வரிசையா ஓரங்கட்டற அகலம் அங்க கெடையாதுங்கறதையும் ஞாபகத்துல வெய்யி. போட்டோ எடுக்கோணும்னா மூணு மூணு வண்டியா நில்லுங்க. டுரோன் கொண்டாறேன்னு ஒருத்தன் எழுதியிருக்கிறான். அது புலிகள் காப்பகம் சாமி. அனுமதி இல்லாமப் பறக்க விட்டா டுரோன் அவியகிட்ட இருக்கும், நீங்க ஆபீசு வாசல்ல இருப்பீங்க.

பன்னெண்டையும் ஒரே சங்கிலியாக் கோத்துட்டு ஏறாதே. நீங்க இன்பச் சுத்துலா போறீங்க. அந்த ரோட்டுலதான் எஸ்டேட்டுக்காரங்க ஆசுபத்திரிக்குப் போகோணும், கவருமெண்டு பஸ்சு எறங்கோணும், தேயிலை லாரி வரோணும். இடைவெளி விடாம 12 வண்டி போனா, பின்னால வர்ற பஸ்காரன் ஒவ்வொண்ணாத் தாண்டறதுக்குள்ள அவன் வாயில வர்றதெல்லாம் உன்ற அம்மாவுக்குத்தான் வந்து சேரும். நாலு நாலு வண்டியாப் பிரிச்சு, நடுவுல அஞ்சு பத்து நிமிசம் விடு. வளைவுல பஸ்சோட மூக்கு தெரிஞ்சா, வளைவுக்கு முந்தியே நின்னுக்க. அதுக்கு முழு ரோடும் வேணும். ரோடு குறுகலா இருந்தா ஏறி வர்ற வண்டிக்குத்தான் எறங்கற வண்டி வழி விடோணும். இது சட்டத்துலயே இருக்குது. 'நான் இண்டிகேட்டர் போட்டேனே'ன்னு வளைவுல நின்னு வாதாடாதே. பஸ்சு ரிவர்சு எடுக்காது, நீதான் எடுக்கோணும்.

எறக்கம் வந்தா பாட்டைக் கொறைச்சுட்டுக் கேளு. ஏறும்போது எந்தக் கியரோ எறங்கறப்பவும் அந்தக் கியர். இது லாரிக்காரன் பாடம், உங்க இருவது லட்ச ரூவா வண்டிக்கும் இதேதான். ஆட்டோமேட்டிக் வண்டிக்காரங்க பாதிப் பேரு கியர் கம்பி பக்கத்துல எல்லு, எஸ்சு, எம்முன்னு எழுதியிருக்கிறதை வண்டி கம்பெனிக்காரன் பேருன்னு நெனச்சுட்டு இருப்பாங்க. அதையெல்லாம் எதுக்கு வெச்சிருக்கிறான்னு வீட்டுல இருக்கறப்பவே புத்தகத்துல படிச்சுட்டு வரச் சொல்லு. நியூட்ரல்ல எறக்கிப் பெட்ரோல் மிச்சம் பண்றவன் உங்க கூட்டத்துல இருந்தா, அவனை பஸ்சுல வரச் சொல்லு, இன்னும் மிச்சமாகும்.

பிரேக்கு ஆயில் இருக்குது பாரு, அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கும். ஈரம் சேரச் சேர சீக்கிரம் கொதிக்கும். எறக்கம் பூரா மிதிச்சுட்டே வந்தா சூட்டுல ஆயில் கொதிச்சுக் குமிழி வரும். குமிழி வந்தா பெடலை மிதிக்கறப்ப வெறும் காத்தை மிதிக்கிற மாதிரி உள்ள போயிரும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தற சாமான் அது. உன்ற கூட்டாளிங்க எல்லாம் வண்டிக்கு மெழுகு போட்டாச்சு, ஸ்டிக்கர் ஒட்டியாச்சு, டயர் ஓரத்துக்குப் பாலீசு போட்டாச்சுன்னு படம் அனுப்பியிருக்காங்க. பிரேக்கு ஆயில் மாத்தினேன்னு ஒருத்தனும் படம் போடல. அது போட்டோவுக்கு லாயக்கில்ல. கருகின வாசம் வந்தா ஓரமா நிறுத்தி ஆற விடு. ஆத்தறேன்னு சக்கரத்துல தண்ணியை ஊத்தாதே; காஞ்ச இரும்பு கோணிக்கும்.

ஒரு கரண்டு வண்டியும் வருதாமே. எனக்கென்ன தெரியும் அதைப் பத்தின்னு நெனச்சிருப்ப. நம்ம கடைசி மருமகப்புள்ள அதைத்தான் வெச்சிருக்கிறாரு, ஒறம்பரைக்கு வந்தா ராத்திரி பூரா அதே பேச்சு. எறங்கறப்ப அது தானாவே இழுத்துப் புடிச்சு பேட்டரியில கரண்டை ஏத்திக்குமாமா. ஆனா மலை மேல நூத்துக்கு நூறு சார்ஜு போட்டுட்டு எறங்கினா, ஏத்தறதுக்கு எடமில்லாம இழுத்துப் புடிக்காது, பிரேக்கு ஒண்ணுதான் கதி. அதனால மேல முழுசா ரொப்ப வேண்டாம்னு அந்தத் தம்பிகிட்டச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாதே, நம்ப மாட்டான்.

கவர்க்கல் பக்கம் மஞ்சு எறங்கினா ஹெட்லைட்டை டிம்முல வெச்சுட்டு மெதுவாப் போ. நாலு பக்கமும் மினுக்கிட்டே ஓட்டறது இப்ப ஒரு நாகரிகம். அது நின்ன வண்டிக்கு வெச்ச விளக்கு. ஓடற வண்டியில அதைப் போட்டா நீ எந்தப் பக்கம் திரும்பறேன்னு பின்னால வர்றவன் கிளி சோசியம் பார்க்கோணும்.

ரெண்டாம் நாள் கணக்கைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு அடங்கல. காலையில வால்பாறை, மத்தியானம் அதிரப்பள்ளி, பொழுதோட மூணாறுல கேம்ப் ஃபயர். வால்பாறையில இருந்து மளுக்கப்பாறை செக்போஸ்ட் தாண்டி அதிரப்பள்ளிக்குச் சுமாரா 80 கிலோமீட்டர். பெரும்பகுதி காடு. காட்டுக்குள்ள பெட்ரோல் பங்க் கெடையாது, சிக்னல் கெடையாது, பொழுது சாஞ்சா செக்போஸ்டும் தொறக்காது. அங்க 12 வண்டியையும் நிறுத்தி நம்பர் எழுதி, பிளாஸ்டிக் இருக்குதா, சாராயம் இருக்குதான்னு தொறந்து பாப்பாங்க. வண்டிக்கு 5 நிமிசம்னாலும் ஒரு மணி நேரம். நீ அதுக்குக் கட்டமே போடல.

அந்த ரோட்டுல கபாலின்னு ஒரு கொம்பன் ஆனை இருக்கிறாப்ல. 2022ல சாலக்குடியில இருந்து வந்த ஒரு பிரைவேட் பஸ்சை எதுத்து நின்னுருச்சு. டிரைவரு அந்த மலைரோட்டுல சுமாரா 8 கிலோமீட்டர் ரிவர்சுலயே வந்தாரு. பஸ்சு நிறைய ஜனம், முன்னால ஆனை, பின்னால வளைவு. உன்ற ஆளுங்களை நெனச்சுப் பாரு. மால்ல பார்க்கிங் பண்றதுக்கே கேமராவைப் பார்க்கறவங்க. ஒரு வண்டி ரிவர்சு எடுக்கோணும்னா அதுக்குப் பின்னால இருக்கிற பதினொண்ணும் எடுக்கோணும். கபாலிகிட்ட 'அண்ணா, ஒரு நிமிசம், பின்னால சொல்லிட்டு வர்றேன்'னா நிக்குமா? அதனாலதான் சொல்றேன், வண்டிக்கு வண்டி இடைவெளி. ஆனையைக் கண்டா ஹாரன் அடிக்காதே, லைட்டை மினுக்காதே, எறங்கிச் செல்பி எடுக்காதே. எடம் விட்டுத் தள்ளி நின்னா அது பாட்டுக்குப் போயிரும். அது அதோட ஊரு.

அதிரப்பள்ளியில இருந்து மூணாறு போறதுன்னா சமதளத்துக்கு எறங்கி, கோதமங்கலம், நேரியமங்கலம், அடிமாலின்னு மறுபடியும் ஏறோணும். அருவியை ஓட்டமா ஓடிப் பார்த்துட்டுக் கெளம்பினாலும், மூணாறுல நீங்க நெருப்பு மூட்டறப்ப கோழி கூவிரும். மூணாம் நாளு போடிமெட்டுல எறங்கி, தேனி வெயில்ல வெந்து, மறுபடியும் 7,000 அடி ஒசரத்துக்கு ஏறிக் கொடைக்கானல். நாலாம் நாள் இன்னும் ஒசத்தி: பழனியில சாமி கும்பிட்டுட்டு, ராத்திரி 10 மணிக்குத் திம்பம். அங்க 27 வளைவு இருக்குது, அதோட ராத்திரித் தடையும் இருக்குது. பண்ணாரி செக்போஸ்ட்டுல அம்மனைக் கும்பிட்டுட்டு வண்டியிலயே படுத்துக்க வேண்டியதுதான். அப்பறம் ஊட்டியில இருந்து கல்லட்டி வழியா மசினகுடிக்கு எறங்கறோம்னு போட்டிருக்கிற. 36 வளைவு, செங்குத்து எறக்கம். வெளி மாவட்டத்து வண்டியை அந்த வழியில கீழ விடறதில்ல. விட்டாலும் அங்கிருந்து பந்திப்பூர்ப் பக்கம் ராத்திரி 9ல இருந்து காலையில 6 வரைக்கும் காட்டு ரோடு அடைப்பு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வேணும், ஐகோர்ட்டு உத்தரவு. வண்டிக்கு வண்டி தனித்தனியா எடுக்கோணும். பன்னெண்டுல ஒருத்தன் கட்டாயம் மறந்துட்டு வருவான். அவன் பேரு எனக்கே தெரியும், சொன்னா உனக்கு வருத்தமா இருக்கும்.

இந்தப் பயணத்துக்கு 'மலைநாட்டு ராலி'ன்னு பேரு வெச்சு, யாரு வால்பாறைக்கு மொதல்ல ஏறறாங்களோ அவியளுக்குக் கோப்பைன்னு வேற எழுதியிருக்கிற. நல்லா யோசிச்சுத்தான் எழுதுனயா? பொது ரோட்டுல பந்தயம் உட்டா கேசு. அதுமட்டுமில்ல, உன்ற இன்சூரன்சு காயிதத்துல சின்ன எழுத்துல பாரு, பந்தயத்துக்கும் வேகப் பரிச்சைக்கும் ஓட்டினாக் காசு கெடையாதுன்னு இருக்கும். நாளைக்கு ஒரு வண்டி கீறிக்கிச்சுன்னா, நீயே அச்சடிச்ச பனியனைக் காட்டி 'இதா ராலின்னு எழுதியிருக்குதே'ன்னு அவன் கையை விரிச்சிருவான். கோப்பை வாங்கியாச்சுன்னா வீணாக்க வேண்டாம். நாலு நாளும் கடைசியா வந்து ஒருத்தரையும் விடாமக் கூட்டிட்டு வந்தவனுக்குக் குடு. இல்லாட்டி வாந்தி எடுக்காத கொழந்தைக்குக் குடு.

வாந்தின்னதும் ஞாபகம் வருது. காலையில பூரி, பொங்கல்னு பொள்ளாச்சியிலயே வயித்தை ரொப்பிக்கிட்டு 40 வளைவு ஏறாதீங்க. ரெண்டு இட்லி போதும். கொமட்டறவங்களை முன் சீட்டுல உக்கார வெச்சு, செல்போனைப் புடுங்கி வெச்சுட்டு, தூரமாப் பார்க்கச் சொல்லு. எலுமிச்சம்பழம் ஒரு பை. பிளாஸ்டிக் பையில வேண்டாம், துணிப்பையில.

அப்ப என்னதான் பண்றதுங்கற. போட்ட ஊருல முக்காவாசியை வெட்டு. மொத நாள் வால்பாறை, அவ்வளவுதான். வெளிச்சம் இருக்கறப்பவே சேர்ந்து, வண்டியை நிறுத்தி, சாவியைப் பாக்கெட்டுல போடு. ரெண்டாம் நாள் வண்டியையே எடுக்காதே. புதுத்தோட்டம் பக்கம் நடந்து போனா சிங்கவால் குரங்கு கூட்டமாக் கெடைக்கும். இத்தனை லட்சம் போட்டு வாங்கின வண்டியை ஒரு நாளு சும்மா நிறுத்தறதான்னு செகப்பு வண்டிக்காரன் பதறுவான், பதறட்டும். மூணாம் நாள் வெடியால மொத ஆளாச் செக்போஸ்ட்டுல நின்னு, காட்டைத் தாண்டி அதிரப்பள்ளி. ராத்திரி சாலக்குடியில தங்கல். நாலாம் நாள் திருச்சூர், பாலக்காடு வழியா நேர் ரோட்டுல வீடு. மூணாறு எங்கயும் போகாது. பொங்கல், தீபாவளி, மே மாசம், தொடர்ச்சியா லீவு வர்ற நாளு, இதெல்லாம் வேண்டாம். ஆனி, ஆடியில சின்னக்கல்லாறுப் பக்கம் பெய்யற மழையில மண்ணு சரியும், அப்பவும் வேண்டாம். மழை ஓஞ்சு தை, மாசியில, செவ்வாய் புதன் மாதிரி நாளாப் பாரு. லீவு கெடைக்காதுன்னு சொல்லுவீங்க. திட்டத்துல பாதிப் பேரு அதுலயே கழண்டுக்குவாங்க. 12 வண்டி 7 ஆகும். அப்பத்தான் அது பயணம் மாதிரி இருக்கும்.

பணத்தை மொதல்லயே வசூல் பண்ணிரு. கணக்கை நீ வெச்சுக்காதே, வர்ற பொம்பளைப் புள்ளைங்க யார்கிட்டயாவது குடு. எவன் டீக்காசு குடுக்கல, எவன் ரெண்டு வடை தின்னான்னு கரெக்டா இருக்கும்.

போறப்ப நம்மூர் வழியாத்தான போறீங்க, வீட்டுக்கு வராமப் போனா அம்மாயி பேச மாட்டா. ஆனா வீதிக்குள்ள வண்டியைத் திருப்பாதீங்க. ரெண்டு வண்டிக்கு மேல திரும்பாது, பொடக்காளியில கன்னுக்குட்டி கட்டியிருக்குது, சத்தத்துக்கு மிரளும். கோயில் திடல்ல நிறுத்திட்டு நடந்து வாங்க. எத்தனை பேருன்னு மொத நாளே சொல்லிரு, சந்தகைக்கு அரிசி ஊற வெக்கோணும். தேங்காப்பால் எடுத்து வெச்சிரலாம். பிழியறதுதான் கஷ்டம், இந்த வயசுல ரெண்டு பேருக்கும் தோள் ஒத்துழைக்காது. செகப்பு வண்டிக்காரன் எப்படியும் எல்லாருக்கும் முந்தி வந்து நிப்பான். அவன் கையில அச்சைக் குடுத்தறேன். அவன் பிழிஞ்சு முடிக்கறதுக்கும் உன்ற கடைசி வண்டி வந்து சேர்றதுக்கும் சரியா இருக்கும்.